கரண்ட் போகக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை

அந்த வருடங்களில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் எங்களைத் தேடமாட்டார்கள். விடிந்ததும் நானும் அத்தாவும் (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி, ராசிபுரத்தில் மாறி, சேலம் போய்விடுவோம். கல்யாணத்துக்கும் இல்லை, கடைக்குச் சரக்கு எடுக்கவும் இல்லை. டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. டேட்டாபேஸ் வைத்து வேலை செய்கிறவர்கள் அங்கே மாதம் ஒருமுறை கூடிப் பேசுவார்கள். யூசர் குரூப் என்று பெயர். அந்தக் கூட்டத்துக்குத்தான் போவோம்.

அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவே இல்லை. "மாசா மாசம் போயி அப்படி என்னதான் பேசறீங்க?" என்று கேட்பார். அத்தா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "அது சங்கம். போகாம இருந்தா நல்லா இருக்காது" என்பார். அவர் கடைக்காரர். சங்கம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் போயே ஆகவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அத்தா இந்தச் சங்கத்தில் சேர்ந்தது தனிக்கதை. அவருக்கு எங்கள் ஊரில் இரும்புக்கடை. மண்வெட்டி, கதவுக் கீல், ஆணி, முள்கம்பி. நான் முதல்தடவை சேலம் போகவேண்டும் என்றபோது அவர் தடுக்கவில்லை. ஆனால் அத்தைமார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, வயசுப்பெண்ணை அத்தனை ஆம்பளைகள் நடுவில் தனியாக அனுப்புவதா என்று ஆரம்பித்தார்கள். எனக்கு அப்போதெல்லாம் கோபம் மூக்குமேல் நிற்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தா, "தனியா எங்க போவுது? நானுந்தான் போறேன்" என்றார். அத்தைமார் அடங்கிவிட்டார்கள்.

முதல் கூட்டத்தில் கடைசி வரிசை நாற்காலியில் தொப்பியைச் சரிசெய்தபடி காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிவர எழுந்தார். அதற்கடுத்த கூட்டத்தில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டார். பிறகு எனக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் மட்டும் போய்விட்டு வருவார் என்கிற நிலைமை வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தை நடத்தியவர் ஒரு பாலிடெக்னிக் வாத்தியார். அவர் ஏற்படுத்தியிருந்த வழக்கம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூட்டம் ஆரம்பித்ததும் பாடம் கிடையாது, பேச்சு கிடையாது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக, 'இந்த மாசம் என்ன கெட்டுப்போச்சு' என்று சொல்லவேண்டும். ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்தவர் ஒரு மாதம் முழு ஷிப்டின் வருகைப் பதிவையும் அழித்துவிட்டதாகச் சொன்னார். லாரி ஆபீஸ்காரர் ஒருவர், தன் டேட்டாபேசில் ஒரே லாரி ஒரே நாளில் தூத்துக்குடியிலும் டெல்லியிலும் நிற்பதாகச் சொன்னார். யாரும் கேலி செய்யமாட்டார்கள். சிரிப்பார்கள், ஆனால் 'நமக்கும் இது நடந்திருக்கிறது' என்கிற சிரிப்பு அது. படித்த ஆண்கள் வாய்விட்டு 'என்னுடையது கெட்டுப்போச்சு' என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்பதற்காகவே இரண்டு பஸ் மாறிப் போகலாம்.

எனக்குச் சொல்ல மாதாமாதம் ஒன்றுதான் இருந்தது. கரண்ட்.

நான் வேலை பார்த்தது கொல்லிமலைமேல், செம்மேட்டில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு அறை, ஒரு வராந்தா. ஒரு அறையில் டாக்டரம்மா நோயாளியைப் பார்ப்பார். நடுவில் இருந்த ஜன்னல் வழியாக அவர் சொல்லச் சொல்ல, அடுத்த அறையில் நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். பெயர், ஊர், என்ன நோவு, என்ன மாத்திரை, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது எல்லாம். கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஏற்பட்ட மிதப்பில் காகித அட்டைகளை எழுதுவதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். கேட்டால், அதுதான் நாகரிகம் என்றார்கள்.

கொல்லிமலையில் கரண்ட் போவது என்பது மற்ற ஊர்களைப் போல இல்லை. காற்று அடித்தால் போகும், மழை வந்தால் போகும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் போகும். போவதிலும் ஒரு மரியாதை கிடையாது. இரண்டு மூன்று தரம் கண்ணடித்து, போனமாதிரி போய், வந்தமாதிரி வந்து, நாம் நம்பி ஒரு எழுத்து அடித்ததும் முழுசாகப் போகும். பாட்டரியில் ஓடும் யூபிஎஸ் ஒன்று இருந்தது. முதல் மழைக்காலத்திலேயே அதன் உயிர் போய்விட்டது. பழுது பார்ப்பவர் கீழேயிருந்து வரவேண்டும். இதோ வருகிறேன் என்பார், வரமாட்டார். கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால் அவருக்கு வயிற்றைப் புரட்டும்போல.

நாங்கள் வைத்திருந்த பழைய டேட்டாபேசில் விவரங்கள் ஒரு பைலில் இருக்கும். அவற்றைத் தேடியெடுக்க இன்னொரு பைல். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பெரும்பாலும் சரிசெய்துவிடுவேன். ஒரு ஆடிக்காற்றில் முடியாமல் போய்விட்டது. பிளாப்பியில் எடுத்து வைத்திருந்த நகலும் பூஞ்சை பிடித்துப் படிக்க வரவில்லை. இரண்டு மாத விவரங்கள் போயே போய்விட்டன.

அந்த வாரம் மலைமேலேயே தள்ளி இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். மூன்று மாதக் கர்ப்பம். அதற்கு முந்தின மாதம்தான் முதல்தடவையாக வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஊசி என்றால் அவருக்குப் பயம். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டது எனக்கு நினைவிருந்தது. காட்டுப்பாதையில் நடந்து, பிறகு பஸ் ஏறி வந்திருந்தவரிடம், மறுபடியும் ரத்தம் எடுக்கவேண்டும் என்று நான்தான் சொல்லவேண்டியதாயிற்று. அவருக்குக் கோபமே வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப்போலக் கேட்டார்.

"ஏங் கண்ணு, போன தடவ எடுத்த ரத்தத்த என்ன பண்ணுனீங்க?"

ரத்தத்தைப் பரிசோதித்தாயிற்று, கம்ப்யூட்டருக்குள் எழுதிய விவரம்தான் போய்விட்டது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. சாயங்காலம் கீழே இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். வருத்தத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

அறக்கட்டளைத் தலைவர் சேந்தமங்கலம் பக்கத்து விவசாயி. சொந்த நிலம், சொந்த லாரி, சொந்தக் கருத்து. கம்ப்யூட்டர் வாங்கியதே அவருக்குப் பிடிக்காத காரியம். விஷயம் தெரிந்ததும் மலையேறி வந்தார்.

"பெட்டிய வித்தவன் என்னமோ யானை வேலை செய்யும்னானுங்க. ஒரு காத்துக்குத் தாங்கல. அட்டையே போதுமுங்க டாக்டரம்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா துணியப் போட்டு மூடி ஓரமா வச்சரலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னையச் சொல்லல கண்ணு" என்றார். என்னைச் சொல்லாவிட்டால் வேறு யாரைச் சொல்கிறார்? பெட்டி போனால் நானும் போகவேண்டியதுதான். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. அட்டை இருந்த காலத்திலும் அவை மலை மழையில் நனைந்தும் கரையான் அரித்தும் போய், ஜனங்கள் திரும்பத் திரும்பக் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பெட்டியை மூடினால் அது மறுபடி ஆரம்பிக்கும்.

அடுத்த கூட்டத்தில் 'இந்த மாசம் என்ன கெட்டுப்போச்சு' என்று என் முறை வந்தபோது அந்தப் பெண் கேட்ட கேள்வியை அப்படியே சொன்னேன். வட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெங்களூரில் அடுத்த மாதம் டேட்டாபேஸ் மாநாடு ஒன்று நடக்கிறது, பெரிய ஆட்களெல்லாம் வருகிறார்கள், அங்கே கேட்டுவிடுவோம் என்றார்.

பெங்களூருக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம், அத்தாவையும் சேர்த்து. ஓட்டல் மாநாட்டு அரங்கில் ஏசி குளிரில் எனக்குப் பல் கிட்டியது. கழுத்தில் பெயரட்டை மாட்டினார்கள். அத்தாவுக்கும் மாட்டினார்கள். அவர் அதைத் திரும்பி ஊர் வரும்வரை கழற்றவில்லை. ஒவ்வொரு ஸ்டாலிலும் இலவசமாகத் துணிப்பையும் பேனாவும் கொடுத்தார்கள். அத்தா எல்லா ஸ்டாலுக்கும் போய், ஒவ்வொருவரிடமும் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசி, பை வாங்கிக்கொண்டார். "நாலு பேர் பை குடுக்கறான்னா நாலு பேருட்டயும் வாங்கணும். ஒருத்தன்கிட்ட மட்டும் வாங்குனா மத்தவனுக்கு மனசு கஷ்டமா இருக்கும்" என்று விளக்கம் வேறு.

மேடையில் பேசியவர்களுக்கு எதுவுமே கெட்டுப்போகவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒருவர் பின் ஒருவராக வந்து எல்லாம் பறக்கிறது, எல்லாம் ஓடுகிறது என்றார்கள். திரையில் படங்கள் அழகாக இருந்தன. கடைசியில் கேள்வி நேரம் வந்தது. எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷில் கேட்டேன்: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் திரும்பத் திரும்பப் போய் வந்தால், எழுதியது மிஞ்சுமா?

மேடையில் இருந்தவர் புன்னகைத்தார். "யூபிஎஸ் வாங்குங்கள்" என்றார். அரங்கம் சிரித்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எனக்குக் காது சுட்டது. மைக்கை அவர் தலையில் எறியலாமா என்று இருந்தது. அப்போது எனக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து அத்தா எழுந்து நின்று, மைக் இல்லாமலே, சுத்தத் தமிழில் சொன்னார்: "அதுவும் வாங்குனோம் தம்பி. அதுவும் செத்துப்போச்சு." தமிழ் தெரிந்த பாதி அரங்கம் இந்தத் தடவை எங்கள் பக்கம் சிரித்தது. மேடையில் இருந்தவருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவரும் சிரித்தார். ஆனால் பதில் வரவில்லை.

பதில் வெளியே டீ வரிசையில் கிடைத்தது. ஒரு ஸ்டாலில் இலவசமாகக் கொடுத்த சிடியை வாத்தியார் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் இருந்த டேட்டாபேஸ் வேறு மாதிரி வேலை செய்யுமாம். எதையும் எடுத்த எடுப்பில் எழுதாது. இதைச் செய்யப்போகிறேன் என்று முதலில் தனியாக ஒரு இடத்தில் குறித்துவிட்டுத்தான் செய்யும். நடுவில் கரண்ட் போனால், திரும்பி வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து, விட்டதை முடிக்கும், அரைகுறையாக இருந்தால் தள்ளிவிடும்.

அத்தா டீயை உறிஞ்சியபடி யோசித்தார். "அதாவது, சொல்லிட்டுச் செய்யுது."

"அதேதாங்க" என்றார் வாத்தியார்.

"நல்ல பழக்கந்தான். நாமளே ஊட்ட விட்டுக் கிளம்பறப்ப போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான கிளம்பறோம். இந்தக் கரண்டுதான் சொல்லாமப் போவுது. அப்ப பெட்டியாவது சொல்லிட்டுச் செய்யட்டும்."

அந்த மாநாட்டில் நான் கேட்ட உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு வந்த கூட்டங்களில் சேலத்து மாடியில் நாங்கள் பாடமே நடத்தவில்லை. கரண்டைப் பிடுங்கினோம். புது டேட்டாபேசில் என்னுடைய ஆஸ்பத்திரி விவரங்களைப் போலவே பொய் விவரங்களை ஏற்றி, ஒருவர் அடித்துக்கொண்டிருப்பார். திடீரென்று சுவிட்சை அணைக்கவேண்டும். ஆனால் எங்களில் யார் அணைத்தாலும், திரையைப் பார்த்து, எழுதி முடிந்த நேரமாகப் பார்த்து அணைத்துவிடுகிறோம் என்று தெரிந்தது. கை தானாக இரக்கப்படுகிறது. அதனால் அத்தாவைத் திரைக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, சுவிட்சை அவரிடம் கொடுத்தோம். அவர்தான் எங்கள் கரண்ட். முறுக்கைக் கடித்துக்கொண்டே, பக்கத்து ஆளிடம் கம்பி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே, ஈவு இரக்கம் இல்லாமல் அணைப்பார். உடனே போட்டு உடனே அணைப்பார். "செம்மேட்டுக் காத்து" என்று அறிவித்துவிட்டு வரிசையாக அணைப்பார்.

ஒவ்வொரு தடவையும் விவரங்கள் மிஞ்சின.

எனக்கு நம்பிக்கை வந்தது. புது டேட்டாபேசை ஆஸ்பத்திரியில் ஏற்றினேன். ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குழுவே கழற்றி மாட்டி, அதில் ஓடும்படி செய்து கொடுத்தது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். தலைவருக்கு மட்டும் இல்லை. அவர் முன்னால் நானே பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

"நீயாப் புடுங்குனா அதுல சேத்தி இல்ல கண்ணு. வித்தவனும் அவனே அமுத்தி அவனே காட்டுனான். அது தானாப் போவோணும், தானா வரோணும். அப்ப நாம் பாக்கோணும்."

நான் சேலத்தில் இதைச் சொன்னபோது வாத்தியார், "அப்ப அடுத்த கூட்டத்தை அங்கேயே வச்சிரலாமே" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அந்தச் சமயத்தில் குழுவும் மெலிந்துகொண்டிருந்தது. கெட்டிக்காரர்கள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். வட்டத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எங்கேயாவது ஒரு இடத்தில் நாம் செய்தது நிலைத்து நின்றால்தான் இந்தச் சங்கத்துக்கு அர்த்தம் இருக்கும் என்று அவருக்கும் தோன்றியிருக்கவேண்டும்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பன்னிரண்டு பேர் செம்மேட்டில் வந்து இறங்கினார்கள். பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். லாரி ஆபீஸ்காரர் வாந்தியெடுத்து வெளுத்துப்போயிருந்தார். அத்தா பெங்களூர்ப் பைகள் அத்தனையிலும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். பிரியாணி ஒரு கம்பெனியின் பையில், எலுமிச்சை சாதம் அதன் எதிரிக் கம்பெனியின் பையில்.

வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்தோம். தலைவர் ஒரு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வழக்கப்படி ஒவ்வொருவரும் இந்த மாதம் கெட்டுப்போனதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். வாத்தியாரே தன் கல்லூரியின் மதிப்பெண் பட்டியலைக் குழப்பியதைச் சொன்னார். தலைவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், காலைக் கீழே இறக்கினார்.

"ஏனுங்க, இத்தன தூரம் வந்து, எம்பட பெட்டி கெட்டுப்போச்சுன்னா சொல்றீங்க?"

"அதைத்தாங்க முதல்ல சொல்வோம்" என்றார் வாத்தியார்.

"வித்தவன் ஒரு நாளும் இப்படிச் சொல்லலீங்க" என்றார் தலைவர். நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே பாதி மூச்சு வந்தது. ஆனால் நிபந்தனையை அவர் விடவில்லை. கரண்ட் தானாகப் போகவேண்டும்.

அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போகவே இல்லை.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு இலை அசையவில்லை. மின்விசிறி நிம்மதியாகச் சுற்றியது. மற்ற நாளில் காலையிலிருந்து நான்கு தரம் கழுத்தறுக்கும் கரண்ட், அன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணைப்போல அடக்கமாக இருந்தது. சாப்பிட்டோம். மலை வாழைப்பழம் தின்றோம். அன்னாசி நறுக்கித் தின்றோம். ஆளாளுக்கு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தோம். சேலத்துக்காரர்கள் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கரண்ட் போகவேண்டும் என்று ஏங்கினார்கள். அத்தா மட்டும் எழுந்துபோய் சுவிட்ச் பக்கம் நின்றார். "வேண்டாம் அத்தா" என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மூன்று மணிக்குமேல் ஆஸ்பத்திரி திறந்திருப்பதைப் பார்த்து ஒருவர் வந்தார். குண்டூர் நாட்டுப் பெண். இப்போது எட்டு மாத வயிறு. சந்தைச் சாமான் வாங்க வந்த இடத்தில், விளக்கு எரிவதைப் பார்த்து வந்ததாகச் சொன்னார். டாக்டரம்மா சோதித்துவிட்டு, ரத்தம் கொஞ்சம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். அந்தப் பெண் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக் கையை நீட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே முகம்.

சாயங்கால பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் சேலத்துக்கு வேறு பஸ் இல்லை. எல்லோரும் முகம் தொங்கிப்போய், சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். அத்தா வாசலில் நின்று என்னை அவசரப்படுத்தினார். டாக்டரம்மா ஜன்னல் வழியாக ரத்தப் பரிசோதனையில் வந்த அளவைச் சொன்னார். நான் அடித்தேன். சேமிக்கும் பட்டனைத் தட்டினேன்.

திரை ஒருமுறை கண்ணடித்தது. விளக்கு மங்கி, எரிந்து, மறுபடி மங்கியது. பிறகு எல்லாம் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு இழுத்து இழுத்து நின்றுபோனதாம். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த வாத்தியார், "போயிருச்சு!" என்று கத்தினாராம். நான் கேட்டது கைதட்டல் சத்தம்தான். பிறகு சந்தில் ஓடிவரும் செருப்புச் சத்தம். ஒருவர் விடாமல் இறங்கி ஓடிவந்துவிட்டார்கள். பின்னாலேயே கண்டக்டர் வந்து, "ஏனுங்க, கரண்டு போனதுக்கா கை தட்டறீங்க? பஸ்ஸ எடுக்கட்டுமா வேண்டாமா?" என்று கேட்டார்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தேன். "எடுத்துக்கங்க" என்றார் வாத்தியார். பஸ் போய்விட்டது. வாந்தியெடுத்த லாரி ஆபீஸ்காரர்கூட வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதர்களை எனக்கு அன்றைக்குப்போல் என்றைக்கும் பிடித்ததில்லை.

காத்திருந்தோம். கரண்ட் நடுவில் இரண்டு தரம் வந்து வந்து போனது. ஒவ்வொரு தரமும் பெட்டி உறுமி எழுந்து அப்படியே செத்தது. அத்தா என் காதோரம், "நான்கூட இவ்வளவு மோசமாப் பண்ணல" என்றார். தலைவர் வெளியே போய்த் தன் லாரிக்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டு வந்தார். வாழைத்தாரோடு இவர்களையும் கீழே இறக்கிவிடச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் பழைய அனுபவம் இருந்தது. கரண்ட் போய்விட்டது, எல்லோரும் பெட்டியையே பார்க்கிறார்கள், ஆகவே மறுபடி குத்தப்போகிறார்கள். பஞ்சு ஒட்டியிருந்த கையை மடியில் மல்லாத்தி நீட்டியே வைத்திருந்தார். டாக்டரம்மாவுக்கு அந்த அளவு நினைவிருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அட்டையிலும் எழுதவில்லை. அவரும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்குள் கரண்ட் வந்து நிலைத்தது. பெட்டி தன் பாட்டுக்கு ஏதேதோ வரிகளை ஓடவிட்டது. விட்ட இடத்தைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் எண்ணை அடித்தேன்.

வந்தது. பெயர் வந்தது, ஊர் வந்தது, ரத்த வகை வந்தது. ஒவ்வொரு மாதமும் அவர் வந்துபோனது வரிசையாக வந்தது. கடைசி வரியில் அன்றைய அளவு இருந்தது.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து தலைவர் குனிந்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தார். கடைசி எண்ணை வாசித்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்தார். அவர், "அதுதாங்க, சரிதான்" என்றார். தலைவர் நிமிர்ந்தார். "துணி வேண்டாம். பெட்டி இருக்கட்டும்" என்றார். பிறகு, தோற்றுப்போனதாகத் தெரியக்கூடாது என்பதற்காக, "அட்டையும் எழுதோணும், ஆமா" என்று சேர்த்துக்கொண்டார். வாத்தியார் வராந்தாத் தூணில் சாய்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் பெஞ்சருகே போனேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கையை முன்னால் நீட்டினார்.

"இல்லீங்க, வேண்டாமுங்க" என்றேன். "எல்லாம் இருக்குது."

"அப்ப குத்த மாட்டீங்களா?"

"மாட்டோமுங்க."

அவர் என்னையும், எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.